குழாயில் மிஞ்சியிருந்த பாதரசம்

அந்த இரும்புச் சாமான் லொறியில் வந்து இறங்கியபோது நானும் அத்தானும்தான் வேலையில் நின்றோம். அத்தான் என் அக்காவின் கணவர். அக்கா அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். விசா வரும் வரும் என்று காத்திருந்தார்.

வேலை கனடாவில், ஒஷாவாப் பக்கம். பெரிய கொட்டில் போல ஒரு பட்டறை. பழைய இயந்திரங்களுக்குத் துரு கழற்றி, எண்ணெய் பூசி, சனம் வந்து பார்க்கிறமாதிரி ஆக்கிக் கொடுப்பது. சுரங்கத்துத் தள்ளுவண்டி, மரம் அரிகிற வாள், நீராவி எஞ்சின் எல்லாம் வரும். வாங்குகிறவர்கள் மியூசியக்காரர். பழைய இரும்புக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறது என்று இங்கே வந்துதான் அறிந்தேன்.

இது வேறு விதமாக இருந்தது. வார்ப்பிரும்பில் ஒரு நீட்டுக் குழல். ஒரு ஆள் படுக்கிற நீளம். அடி தட்டை, மேல் வளைவு, பாண் ரொட்டி மாதிரி. ஒரு முனையில் கதவு. மற்ற முனையிலிருந்து ஒரு குழாய் வளைந்து கீழே சரிந்து போனது. அந்தக் குழாய் கிடப்பதற்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. கரி பிடித்த செங்கற்களும் பெட்டி பெட்டியாக வந்தன.

பொஸ் கையைக் காட்டி விளங்கப்படுத்தினார். மேற்கே மலைப்பக்கத்தில் எங்கேயோ மூடிப்போன சுரங்கம். சிவப்புக் கல்லிலிருந்து பாதரசம் எடுக்கிற உலை. கல்லை உடைத்துக் குழலுக்குள் தள்ளுவார்களாம். கதவை மூடி இடுக்கைக் களிமண்ணால் அடைப்பார்களாம். கீழே விறகு எரியும். கல் சூடாக, பாதரசம் ஆவியாகிக் குழாய்க்குள் ஓடும். குழாய் தண்ணீருக்குள் கிடப்பதால் ஆவி குளிர்ந்து மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழும்.

அத்தான் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மச்சான், உது கசிப்புக் காய்ச்சுற சாமானடா! எங்கடை ஊரிலை உதைக் கண்டால் பொலிஸ் வந்து உடைப்பான். இவன் மியூசியத்திலை வைக்கப்போறான்."

ஏன் சிரிக்கிறாய் என்று பொஸ் கேட்டார். "சேம் சேம், விஸ்கி," என்றார் அத்தான். பொஸ்ஸும் சிரித்தார்.

அத்தான் அப்படித்தான். இங்கிலீஷ் இல்லாமலே ஆட்களைச் சிரிக்க வைப்பார். குரலும் பெரிசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா லொட்ஜிலிருந்து ரெலிபோன் எடுப்பார். அத்தான் கத்திக் கதைப்பார். நாங்கள் இருந்தது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற். மேலே வீட்டுக்கார அன்ரி. கதை முடிய அன்ரி படியில் நின்று சொல்லுவார்:

"தம்பி, நீர் ரெலிபோனைக் கீழை வைச்சிட்டுக் கதையும். அவவுக்குக் கொழும்பிலை அப்பிடியே கேக்கும்."

"கேக்கட்டும் அன்ரி. அவ எனக்கு ஒரு ஆள்தானே."

அந்தக் குரலை எழுதி வைக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உலையின் வேலை அத்தானுக்குக் கிடைத்தது. குழாயைக் குழலோடு பிடித்த புரியாணிகள் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டுப் பார்த்தோம். அசையவில்லை. சூடு காட்டிக் கழற்று என்று பொஸ் சொன்னார். அத்தான் காஸ் விளக்கைப் பிடித்தார். இரும்பு சிவந்தது. வெள்ளையாக ஏதோ புகைந்தது. பழைய எண்ணெய் என்று நினைத்தோம். கதவுகள் சாத்தியிருந்தன. வெளியே குளிர் தொடங்கிவிட்டது.

"வாய்க்குள்ளை கரண்டியை வைச்சிருக்கிறமாதிரிக் கிடக்கு," என்றார் அன்றைக்கு. தேத்தண்ணி குடித்தார். அந்த ருசி போகவில்லை.

குழாய் கழன்றது. நிமிர்த்தித் தட்டினோம். முதலில் கறுப்புப் புழுதி கொட்டியது. நனைந்த கரி மாதிரி. அதற்குள் மினுங்கியது. மணி மணியாக உருண்டு சீமெந்துத் தரையில் ஓடியது. பிறகு வளைவுக்குள் தேங்கி நின்றது ஒரேயடியாக வந்து விழுந்தது.

அத்தான் முழங்காலில் இருந்துவிட்டார். ஒரு மட்டையால் கூட்டிக் கூட்டி அள்ளினார். ஜாம் போத்தலில் கால்வாசி வந்தது. தூக்கினால் கல்லுப் போலப் பாரம்.

"உது என்னத்துக்கு அத்தான்? எறியுங்கோ."

"எறியிறதோ? விசரே உனக்கு? சிவன்ரை சாமானடா உது. ரசலிங்கம் எண்டு கேள்விப்படேல்லையே? எத்தினை பேர் இதுக்குக் கோயில் கோயிலா அலையினம். எனக்கு இரும்புக்குள்ளாலை வந்து விழுந்திருக்கு."

பள்ளிக்கூடத்தில் தேர்மாமீற்றர் உடைந்தால் கையில் வைத்து உருட்டி விளையாடியவர்கள் நாங்கள். அதில் பயப்பட என்ன இருக்கிறது?

எங்கள் சாமித்தட்டு அத்தானின் அறையில் இருந்தது. வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. முருகன், பிள்ளையார், அம்மன். ஒரு சின்னப் பித்தளைக் குத்துவிளக்கு. அத்தான் போத்தலிலிருந்ததைப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி விளக்குக்கு முன்னால் வைத்தார். ஊற்றும்போது கொஞ்சம் சிந்திக் கார்பெற்றுக்குள் போனது. நகத்தால் நோண்டினார். அகப்படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் காட்டினார். கிண்ணத்தின் உள்பக்கம் வெள்ளையாகிவிட்டது. வெள்ளி மாதிரி.

"பாத்தியே? பித்தளை வெள்ளியாகுது!"

அன்ரியும் இறங்கி வந்து கும்பிட்டார். "அற்புதம்தான்," என்றார். அத்தானுக்கு அதற்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. ஒரு பழைய துணியால் பாதரசத்தைத் தொட்டு விளக்கு முழுவதையும் தேய்த்தார். அடியிலிருந்து நுனிவரை. விளக்கு வெள்ளை வெளேரென்று நின்றது.

"உன்ரை கொக்கா வந்து பாக்க வெள்ளி விளக்கு நிக்கும். 'ஆர் வாங்கித் தந்தது?' எண்டு கேப்பா. ஒண்டும் சொல்லக்குடாது என்ன?"

"சொல்லமாட்டன்."

மார்கழி வந்தது. சன்னல்கள் பனியில் ஒட்டிக்கொண்டன. ஃபேர்னஸ் நாள் முழுக்க இரைந்தது.

முதலில் பல் முரசு வீங்கியது. பல்லுக்குப் பல் வலி. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. தலையணையெல்லாம் ஈரம். பிறகு நித்திரை இல்லை. பிறகு கை.

கை நடுங்கியதை நான் முதலில் கண்டது தேத்தண்ணிக் கோப்பையில். கோப்பை தட்டத்தில் இருந்து தாளம் போட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கையை மடிக்குள் ஒளித்தார்.

அதைக்கூடப் பொறுக்கலாம். மற்றது பொறுக்க முடியாது. அத்தானுக்கு வெட்கம் வந்துவிட்டது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஆள் முகம் பார்க்கமாட்டார். பட்டறையில் பொஸ் பக்கத்தில் வந்தால் வேர்த்துக் கொட்டும். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் ஸ்பானரைப் பிடிக்க முடியாது. கோபம் சட்டென்று வரும். வந்த பிறகு அழுவார். பலசரக்குக் கடைக்குப் போனால் காசாளரிடம் போகப் பயந்து சாமானை வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் அடித்தது.

"அத்தான், அக்கா."

தலையை ஆட்டினார். இல்லை என்று.

"அக்கா பாவம். காசு போகுது. வாங்கோ."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். குளிக்கிறார் என்று சொன்னேன். அடுத்த கிழமை நித்திரை என்றேன். அதற்கடுத்த கிழமை வேலை என்றேன். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

"டேய் தம்பி, உண்மையைச் சொல்லு. அங்கை ஆரையும் வைச்சிருக்கிறாரோ?"

"சீ. என்னக்கா கதைக்கிறியள்?"

"இல்லையெண்டால் ஏன் வாறாரில்லை? இந்த லொட்ஜிலை எத்தினை பேருக்கு உப்பிடி நடந்திருக்கு தெரியுமே? முதல் கதைக்கிறது நிக்கும். பிறகு ஒண்டுமில்லை."

"அவருக்குச் சுகமில்லை."

"என்ன வருத்தம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். அக்கா ரெலிபோனை வைத்துவிட்டார்.

டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆள்தான். அத்தான் அவர் முன்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான்தான் சொன்னேன். நித்திரை இல்லை, கை நடுக்கம், அழுகை. குடிப்பாரா என்று கேட்டார். இல்லை. ஊரில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். ஊரில் எல்லோருக்கும் நடந்ததுதான். மனைவியைப் பிரிந்திருக்கிறார், யோசனை, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி நித்திரைக்குக் குளிசை தந்தார். அவரைப் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேட்டதற்குத்தான் நான் பதில் சொன்னேன். இரும்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அன்ரிக்கு வேறு யோசனை.

"உது வருத்தமில்லை, தம்பி. கண்ணூறு. ஆரோ இந்த மனுசன்ரை சிரிப்பிலை கண் வைச்சிட்டினம்."

ஒரு கோயில் இருந்தது, கராஜுகளுக்கு நடுவில். அங்கே கொண்டுபோய்க் கையில் நூல் கட்டுவித்தார். ஐயர் திருநீறு போட்டார். வீட்டுக்கு வந்ததும் அன்ரி அத்தானின் முன்னால் நின்று சொன்னார்:

"வெள்ளிக்கிழமை மட்டும் காணாது. ரெண்டு நேரமும் விளக்குக் கொளுத்தும். கொளுத்திப்போட்டு அதுக்கு முன்னாலை இரும். வேறை ஒண்டும் செய்யவேண்டாம். அவர் பாத்துக்கொள்ளுவார்."

அத்தான் அதை மட்டும் கேட்டார். காலையில் வேலைக்குப் போக முன் கொளுத்துவார். பின்னேரம் வந்து கொளுத்துவார். கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளி விளக்குக்கு முன்னால் சப்பணம் கட்டி இருப்பார். திரி எரிந்து தானாக நூர்ந்த பிறகுதான் எழும்புவார். அந்த நேரம் மட்டும்தான் அவருக்கு ஆள் பயம் இல்லை. நான் அதைக் குழப்ப விரும்பவில்லை. குசினியில் நின்று சோறு வடிப்பேன். கதவுக்குக் கீழால் நெய் வாசம் வரும். இனிச் சுகம் வரும் என்று நானும் நினைத்தேன்.

அவர் மெலிந்தார். கார் ஓட முடியாமல் போனது. ஸ்ரியரிங்கில் கை நிற்கவில்லை. நான் ஓடப் பழகினேன். 401 நெடுஞ்சாலையில் அவர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். பிறகு வேலைக்கும் வரவில்லை. வீட்டில் இருந்தார். அதாவது அந்த அறையில் இருந்தார்.

பனி கரைகிற நேரம் மியூசியக்காரர் வந்தார். உலை ஆயத்தமாக நின்றது. செங்கல் அடுக்கி, குழலைத் தூக்கி வைத்து, குழாயைத் தொட்டிக்குள் சரித்துக் கிடத்தியிருந்தோம். கண்ணாடி போட்ட, வயதான, அமைதியான மனிதர். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கதவைத் தடவினார். சந்தோசப்பட்டார். பிறகு குழாயின் நுனியில் குனிந்து பார்த்துவிட்டுப் பொஸ்ஸிடம் என்னவோ கேட்டார். பொஸ் என்னைக் காட்டினார்.

உள்ளே ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

ஓம் என்றேன். போத்தலின் அளவைக் கையால் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கே அது என்று கேட்டார்.

வீட்டில் என்றேன்.

வீட்டில் எங்கே?

இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "வித் கோட்," என்றேன். கடவுளோடு.

அவருக்கு விளங்கவில்லை. நான் கையால் கிண்ணத்தைக் காட்டினேன். விளக்கைக் காட்டினேன். துணியால் தேய்ப்பதைக் காட்டினேன். நெருப்பைக் காட்டினேன். பிறகு அத்தானின் கை மாதிரி என் கையை நடுக்கிக் காட்டினேன். அது மட்டும் அவருக்கு உடனே விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது. அந்த உலைகளில் வேலை செய்தவர்களுக்கு அப்படித்தான் நடுங்கும் என்று ஆறுதலாக, சொல் சொல்லாகச் சொன்னார். பல் விழும். ஆட்களைக் கண்டால் ஒளிப்பார்கள். அது காற்றில் வருவது, வாசம் இல்லை, கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினால் இன்னும் கூட வரும்.

பொஸ் ஒரு செங்கல்லின் மேல் இருந்துவிட்டார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. குழாய்கள் கழுவித்தான் வந்தன என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்களாம்.

அன்று பின்னேரமே வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். வெள்ளை உடுப்பு, முகமூடி, கையில் காற்றை அளக்கிற ஒரு சின்ன மெசின். படியால் இறங்க இறங்க மெசினின் முள் ஏறியது. என் கட்டிலடியில் குறைவாகக் காட்டியது. நான் முன்னறையில், சிகரெட்டுக்காகச் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படுக்கிறவன். அத்தானின் அறையில் முள் போய்க் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது.

அன்ரி படியில் நின்று கத்தினார்.

"ஐயோ, சப்பாத்தோடை சாமிக்கு முன்னாலை நிக்கிறாங்கள்! தம்பி, சொல்லுமன்! கழட்டச் சொல்லும்!"

எனக்குச் சொல்ல இங்கிலீஷ் இல்லை. இருந்திருந்தாலும் என்னவென்று சொல்வது? கிண்ணத்தை மூடினார்கள். விளக்கைப் பையில் போட்டுக் கட்டினார்கள். முருகன், பிள்ளையார், அம்மன் படங்களையும் போட்டார்கள். கார்பெற்றைச் சுருட்டினார்கள். அவருடைய உடுப்பு, தலையணை, அக்கா ஊரிலிருந்து பேசி அனுப்பிய கசற்றுகள், எல்லாம் போனது.

அத்தான் வெளியே வேலியோரம் நின்றார். ஆட்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற கவலைதான் அவருக்கு. கடைசிப் பை போகும்போது மட்டும் என்னிடம் கேட்டார்.

"விளக்குமோ?"

"ஓம் அத்தான்."

"கொக்காக்கு என்னத்தைக் காட்டுறது?"

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், சலம் எடுத்தார்கள். உடம்பிலிருந்து அதை இழுத்து எடுக்கிற குளிசை கொடுத்தார்கள். முரசு ஆறியது. நித்திரை கொஞ்சம் வந்தது. மற்றது எப்போது போகும் என்று கேட்டேன். பார்க்கவேண்டும் என்றார்கள். முழுக்கப் போகுமா என்று கேட்டேன். அதற்கும் பார்க்கவேண்டும் என்றார்கள். பட்டறை வேலை அதோடு எனக்கும் இல்லை. அன்ரி எங்களை எழும்பச் சொல்லவில்லை. ஆனால் படியில் நின்று கதைப்பதை விட்டுவிட்டார்.

அக்காவுக்கு ரெலிபோனில் சொன்னேன்.

"பாதரசமோ? பாதரசம் பட்டால் மனுசன் பெண்சாதியோடை கதைக்காதோ? நல்லாப் பொய் சொல்லப் பழகியிட்டாய் தம்பி."

"சத்தியமாயக்கா."

"அப்ப அவரைச் சொல்லச் சொல்லு."

ரெலிபோனைக் கொண்டுபோய் அவர் காதில் வைத்தேன். அவர் மூச்சு விட்டது கேட்டது. அக்கா அந்தப் பக்கத்தில் "ஹலோ, ஹலோ" என்றது எனக்கும் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். உதடு நடுங்கியது. நான் ரெலிபோனைத் திரும்ப எடுத்தேன். லைன் வெட்டுப்பட்டிருந்தது. அக்காவாக வெட்டினாரா, காசு முடிந்ததா, தெரியாது.

விசா வந்தது. அக்கா வராமல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். வருகிறேன் என்று மட்டும் சொன்னார். ஆவணி மாதம். சரியான வெயில்.

மிசிசாகாவில் எயார்போட். அத்தான் சவரம் எடுக்கக் கேட்டார். நான் எடுத்துவிட்டேன். நீட்டுக்கை சேட் கேட்டார், கை தெரியாமல் இருக்க. கார் நிறுத்துகிற இடம்வரை வந்தார். அதற்கு அப்பால் வரமாட்டேன் என்றார்.

"உள்ளை சனமாயிருக்கும்."

"நான் பக்கத்திலை நிக்கிறன் அத்தான்."

"நீ போய்க் கூட்டிக்கொண்டு வா."

பின் இருக்கையில் இருந்தார். காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனேன்.

அக்கா வெளியே வந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே அவர் இல்லை என்று கண்டதும் முகம் கல்லாகிவிட்டது.

"வரேல்லை, என்ன?"

"காருக்குள்ளை இருக்கிறார்."

"தனியவோ?"

"ஓமக்கா. தனிய."

காருக்கு நடந்தோம். பெட்டியை நான் பின்னால் ஏற்றினேன். அக்கா பின் கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அத்தான் மற்றச் சன்னலால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார் அக்கா.

அவர் திரும்பவில்லை. கை மட்டும் மடியில் கிடந்து ஆடியது. சேட்டின் கை நீளம் போதவில்லை. அக்கா அதைக் கண்டார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று நான் முன் கண்ணாடியில் பார்க்கவில்லை. பிறகு தன் இரண்டு கையாலும் அந்தக் கையைப் பொத்திப் பிடித்தார். நிற்கும் என்று நினைத்திருப்பார். நிற்கவில்லை. அக்காவின் கைகளும் சேர்ந்து ஆடின. காப்புகள் சத்தம் போட்டன.

"என்னப்பா," என்றார் அக்கா. "குளிருதோ?"

அத்தான் சன்னலைப் பார்த்தபடியே, மெல்ல, "ஓம்," என்றார்.

நான் கண்ணாடிகளை ஏற்றினேன். ஹீற்றரைப் போட்டேன். 401இல் ஏறினோம். வாகனம் நெருக்கம். வேர்வை என் கண்ணுக்குள் ஓடியது. அக்காவின் சேலை நனைந்து ஒட்டியது. ஸ்காபரோ வரும்வரை ஹீற்றரை நிற்பாட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.